முதுகு வலிக்குதா? முதல்ல உங்க செருப்பைத் திருப்பிப் பாருங்க!

காலை 7 மணிக்கு கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகத்தை விட்டுவிட்டு, கால்களை மட்டும் பாருங்கள். சிமென்ட் ஆலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் காலில் கனமான சேஃப்டி ஷூ. அரியலூர் ஜவுளிக்கடைக்குப் போகும் பெண்ணின் காலில் அட்டை மாதிரி மெலிந்த தட்டைச் செருப்பு. திருச்சி காலேஜுக்குப் போகும் பையன் காலில் ஆன்லைன் ஆஃபரில் வாங்கிய ஸ்னீக்கர். களை பறிக்கப் போகும் பாட்டியின் காலில் ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் இதே ஆட்கள் திரும்பி வரும்போது எல்லோரிடமும் ஒரே புலம்பல்தான். "இடுப்பு விட்டுப்போச்சு", "முட்டி பிடிச்சுக்குது", "காலையில எழுந்து காலைக் கீழ வெச்சா குதிகால் குத்துது". தைலம் தேய்க்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு வலி மாத்திரை போடுகிறோம். இடுப்புக்கு பெல்ட் வாங்குகிறோம். ஆனால் நாள் முழுக்க உடம்பைத் தாங்கிய அந்தச் செருப்பை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

கேட்க வேண்டும். அதுவும், தப்பான ஷூ வாங்கியது உங்கள் தப்பு என்று சொல்வதோடு நின்றுவிடாமல் கேட்க வேண்டும். கடையில் கிடைக்கும் அளவு யாருடைய காலுக்கானது, வேலை நேரத்தில் உட்கார விடுகிறார்களா, ஆலையில் கொடுக்கும் ஷூ காலுக்குப் பொருந்துகிறதா... இதெல்லாம் சேர்ந்ததுதான் கால் வலி.

பாதத்துக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் இருக்கின்றன. இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52 எலும்புகள். உடம்பில் உள்ள மொத்தம் 206 எலும்புகளில் ஏறக்குறைய கால்வாசி பாதத்திலேயே இருக்கிறது என்றால், அங்கே எவ்வளவு நுணுக்கமான வேலை நடக்கிறது என்று பாருங்கள்.

நடக்கும்போது முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. உடனே உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தாழ்ந்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. பிறகு அதே பாதம் விறைத்து, கட்டைவிரலை ஊன்றி உடம்பை முன்னால் தள்ளுகிறது. குதிகாலில் இருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடிமனான தசைநார்தான் இதற்கு வில்லின் நாண் மாதிரி வேலை செய்கிறது. ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையும் அதற்குக் கொஞ்சம் மேலும் அந்தக் காலில் இறங்கும். ஓடினால் இரண்டு, மூன்று மடங்கு.

பாதம் உள்பக்கம் சாய்ந்தால் கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பும் சேர்ந்து உள்ளே திரும்பும். அந்தத் திருப்பம் முட்டிக்குப் போகும், அங்கிருந்து இடுப்பு மூட்டுக்குப் போகும். குதிகால் உயர்ந்தால் உடம்பின் எடை முன்னால் தள்ளப்படும். விழாமல் இருக்க முட்டியும் இடுப்பும் முதுகும் தங்களை மாற்றி வைத்துக்கொள்ளும். 1998-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, ஹை ஹீல்ஸ் போட்டு நடக்கும்போது முட்டியின் உள்பக்கத்தில் விழும் சுமை சராசரியாக 23% கூடுவதைக் காட்டியது. முட்டித் தேய்மானம் அதிகம் வருவது அந்த உள்பக்கத்தில்தான்.

முன்பக்கம் குறுகலான ஷூ இன்னொரு வேலையும் செய்யும். விரல்கள் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக்கொள்ளும். கட்டைவிரல் சரியாக ஊன்றாவிட்டால் நடையே மாறும். வலிக்கிற இடத்தைத் தவிர்க்க, நமக்கே தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பிப்போம். கொஞ்ச நாளில் பாதம் சரியாகிவிடலாம். ஆனால் அந்தச் சாய்ந்த நடை பழகிப்போய், வலி இடுப்புக்குக் குடிபோயிருக்கும்.

அப்போ எல்லா வலிக்கும் ஷூதான் காரணமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தப் பயத்தை வைத்து ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது.

"உங்களுக்குத் தட்டைப் பாதம் இருக்கு, அதான் முதுகு வலி. இந்த இன்சோல் போடுங்க, சரியாயிடும்" என்று இன்ஸ்டாகிராமில் தினமும் ஒரு வீடியோ வருகிறது. முதுகு வலிக்கும் இன்சோலுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இன்சோல் போடுவது முதுகு வலி வராமல் தடுக்காது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்பதுதான் அதன் முடிவு. வந்த வலியை அது தீர்க்கும் என்று சொல்லவும் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

தட்டைப் பாதம் என்பதே ஒரு நோய் கிடையாது. எந்த வலியும் இல்லாமல் அதோடு வாழ்நாள் முழுக்க நடப்பவர்கள் நிறைய பேர். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் மாதிரி வளர்ச்சி தெரிந்தால் பயந்துவிடுகிறோம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் அந்த உள்ளங்கால் தசைநார் பாதிப்பு. பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் இல்லாமல், பயிற்சியிலும் ஓய்விலும் சரியான காலணியிலும் ஓராண்டுக்குள் குறைந்துவிடும்.

முதுகு வலிக்கு உட்காரும் முறை, தூக்கமின்மை, உடல் எடை, மன அழுத்தம், தசை பலவீனம் என்று ஏகப்பட்ட காரணங்கள். ஷூ அதில் ஒன்று மட்டும்தான். ஆனால் வேலையையோ பஸ்ஸையோ இன்றைக்கே மாற்ற முடியாது, செருப்பை மாற்றலாம். அதனால்தான் அதை முதலில் பார்க்கச் சொல்வது.

அந்த 8-ம் நம்பர் யாருடைய கால்?

கடைக்குப் போனதும் "8 கொடுங்க" என்கிறோம். அந்த 8 பிரிட்டிஷ் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். வெள்ளைக்காரர்கள் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டியும் அவர்களுடைய நம்பர் நம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பதும் நீளம் மட்டும்தான், அகலம் கிடையாது.

அகலம்தான் இங்கே பிரச்சினை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று அதில் தெரியவந்தது. பெண்களுக்கு 11 வயதிலும், ஆண்களுக்கு 15, 16 வயதிலும் பாத வளர்ச்சி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது என்பதும் தெரிந்தது.

குறுகலான ஷூ விரலைக் கடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு நம்பர் பெரிதாக வாங்கிவிடுகிறோம். அகலம் ஓரளவு சரியாகும், நீளம் கூடிவிடும். ஷூவுக்குள் கால் முன்னும் பின்னும் ஓடும், குதிகால் உரசும். பிடிமானத்துக்காக விரல்களை மடக்கியே நடப்போம். இது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. பல நாட்டு ஆய்வுகளை 2018-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, 63 முதல் 72% பேர் தங்கள் பாதத்தின் நீளத்துக்கோ அகலத்துக்கோ பொருந்தாத காலணியைப் போட்டிருந்தார்கள்.

சென்னை நிறுவனத்தின் ஆய்வை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கான தனி அளவு முறை முன்மொழியப்பட்டிருக்கிறது. பாரத் என்பதன் முதல் எழுத்து அது. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை 8 வகை. இந்தியர்களில் 85% பேருக்கு இது பொருந்தும் என்பது கணக்கு. அளந்தது நம் மக்களின் வரிப்பணத்தில். அந்த அளவு அட்டையிலேயே தங்காமல் ஆலைக்கும், அங்கிருந்து கீழப்பழுவூர் கடைத்தெருவுக்கும் வந்து சேர்ந்தால்தான் அளந்ததற்கு அர்த்தம்.

"எங்க தாத்தா செருப்பே போட்டதில்லை, அவருக்கு முதுகு வலிச்சதா?"

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1992-ல் கர்நாடகாவின் மணிப்பாலைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்தார்கள். காலணி போட்டுப் பழகிய குழந்தைகளில் 8.6% பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்த குழந்தைகளில் அது 2.8% மட்டுமே. விரலை முழுக்க மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகமாகவும், செருப்பு போட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது. சின்னக் குழந்தைகளை வீட்டிலும் மணலிலும் வெறுங்காலோடு ஓட விடுவது நல்லது என்பதற்கு இன்றும் மருத்துவ உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வு இது.

மீதி பாதியைப் பார்க்கலாம். தாத்தா நடந்தது வரப்பிலும் மண் தரையிலும். இன்றைக்கு நாம் நிற்பது டைல்ஸிலும் கிரானைட்டிலும் சிமென்ட் தளத்திலும். சமையலறையில் மணிக்கணக்கில் வெறுங்காலில் நிற்கும் அம்மாக்களுக்கு வரும் குதிகால் வலிக்கு, வீட்டுக்குள் போட ஒரு மெத்தென்ற செருப்பு பல நேரம் பெரிய உதவி. கல், முள், கொக்கிப்புழு எல்லாம் இன்றும் இருக்கின்றன. தார் ரோடு கொதிக்கும் சித்திரை வெயிலும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், சர்க்கரை நோய். பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். முள் குத்தினாலும் தெரியாது, ஷூ கடித்தாலும் தெரியாது. தெரியும்போது புண் ஆறாத நிலைக்குப் போய், விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்கால் நடைப்பயிற்சி செய்வது ஆபத்து.

இதற்கான தீர்விலும் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவரது குழுவும், தொழுநோயால் பாத உணர்ச்சியை இழந்தவர்களுக்குப் புண் வராமல் தடுக்க மென்மையான ரப்பர் செருப்புகளை உருவாக்கினார்கள். இன்று கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நுண்துளை ரப்பர்தான் அது. விளம்பர நட்சத்திரம் யாரும் இல்லாமல் லட்சக்கணக்கான கால்களைக் காப்பாற்றிய செருப்பு. அரசு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்க 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது காலையும் காட்டச் சொல்லுங்கள்.

நல்ல ஷூ மட்டும் போதாது, நாற்காலியும் வேணும்

எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் 10 மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் வலிக்கத்தான் செய்யும். நடப்பதைவிட நிற்பது கொடுமை. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே அனுப்பும். அசையாமல் நின்றால் அந்த பம்ப் வேலை செய்யாது. கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு விறைக்கும்.

கேரளாவில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018-ல் சட்டத் திருத்தம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அது. தொழிற்சாலைகளுக்கு இது புதுசும் அல்ல. நின்றபடி வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு அப்போதே சொல்லிவிட்டது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் நாற்காலி போட்டால் மட்டும் போதாது. அதில் உட்கார்ந்தவரை, கஸ்டமர் வந்தா என்ன நினைப்பாங்க என்று முறைக்கும் கண்கள் மாற வேண்டும். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, விற்பனைப் பெண் உட்கார்ந்தபடியே பேசினால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளராக நம்மால் செய்ய முடிந்தது அது.

உலகத்துக்கே ஷூ தைக்கும் மாவட்டங்கள்

இங்கேதான் அரியலூர், பெரம்பலூர் கதைக்குள் வருகின்றன. தமிழ்நாடு அரசு 2022-ல் காலணி மற்றும் தோல் பொருட்களுக்கான கொள்கையை வெளியிட்டது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணிப் பூங்கா வந்து, 2023 நவம்பரில் அங்கே கிராக்ஸ் காலணிகளுக்கான ஆலை திறக்கப்பட்டது. கீழப்பழுவூரில் இருந்து கிழக்கே போனால் ஜெயங்கொண்டம். அங்குள்ள சிப்காட்டில் தைவானைச் சேர்ந்த டீன் ஷூஸ் நிறுவனத்தின் ரூ.1,000 கோடி ஆலைக்கு 2024 நவம்பர் 15-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 15,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. காலணி ஆலைகளில் பெரும்பான்மை பெண்கள்தான்.

வேலை வருவது சந்தோஷம். முந்திரிக் காட்டையும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் மட்டுமே நம்பியிருந்த பகுதிக்கு இது பெரிய திருப்பம். அதனாலேயே இரண்டு கேள்விகளை இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஒன்று, அயல்நாட்டுக் காலுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் ஷூ செய்யத் தெரிந்த கைகள் இங்கே உருவாகின்றன. நம் அகலமான பாதத்துக்கு, நம் வெயிலுக்கு, நம் சம்பளத்துக்கு ஏற்ற காலணியும் இதே மண்ணில் இருந்து வர வேண்டாமா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா காலணி கொடுக்கும் மாநிலம் இது. அந்தக் கொள்முதலில் நீளத்தோடு அகலத்தையும் அளந்து வாங்கினாலே ஒரு தலைமுறையின் பாதம் தப்பிக்கும்.

இரண்டு, அந்த ஷூவைத் தைக்கும் பெண் என்ன போட்டுக்கொண்டு நிற்கிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார்? சிமென்ட் ஆலைத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சேஃப்டி ஷூ, மேலே இருந்து விழும் பொருளில் இருந்து விரலைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது அவர் காலுக்குப் பொருந்துகிறதா என்பதும் பாதுகாப்புக் கணக்கில் வர வேண்டும். ஸ்டோரில் இருந்த சைஸை எடுத்துக் கொடுத்துவிட்டு கையெழுத்து வாங்குவது பாதுகாப்பு ஆகாது.

அடுத்த ஜோடி வாங்கும்போது...

• சாயங்காலம் போங்க. நாள் முழுக்க நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் கடிக்கும்.

• இரண்டு காலையும் அளங்க. பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கு வாங்குங்கள்.

• வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்க. ஷூவின் அடிப்பாகத்தை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்கானது அல்ல.

• நின்றபடி பாருங்க. நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்கள் விரிய வேண்டும்.

• மடக்கிப் பாருங்க. விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்கினால் நல்லது. நடுவில் இரண்டாக மடங்கினாலோ, துணி மாதிரி முறுக்கிக்கொண்டாலோ வேண்டாம்.

• "போடப் போடச் சரியாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீங்க. கடையிலேயே கடிக்கும் ஷூ வீட்டிலும் கடிக்கும்.

• விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. பின்பக்கப் பட்டை இருக்கும் சாதாரண சாண்டல், பொருந்தாத பிராண்டட் ஷூவைவிட எவ்வளவோ மேல்.

இருக்கிற செருப்பையும் ஒருமுறை திருப்பிப் பாருங்க. குதிகாலின் ஓரம் லேசாகத் தேய்வது சகஜம். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தாலோ, இரண்டு செருப்பும் இரண்டு விதமாகத் தேய்ந்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. "இன்னும் அறுந்து போகலையே" என்பது மாற்றாமல் இருக்கக் காரணம் இல்லை.

கூடவே 5 நிமிடப் பயிற்சி. சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தூக்காமல் கெண்டைக்காலை 30 நொடி இழுத்துப் பிடியுங்கள். உட்கார்ந்தபடி ஒரு பாட்டிலை உள்ளங்காலால் உருட்டுங்கள். தரையில் கிடக்கும் துண்டைக் கால் விரல்களால் சுருட்டி எடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

வலி சில வாரம் தாண்டியும் குறையவில்லை, கால் மரத்துப்போகிறது, ஒரு கால் மட்டும் வீங்குகிறது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது, சர்க்கரை உள்ளவருக்குச் சின்னப் புண் என்றால் யூடியூபைத் தேடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

செல்போனுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அப்கிரேடு பார்க்கிற நாம், அதன் உறை சரியாகப் பொருந்தாவிட்டால் ரிட்டர்ன் போடுகிறோம். உடம்பு மொத்தத்தையும் சுமக்கும் பாதத்துக்கும் அந்தக் கறார் வேண்டும். கடையில் அகலம் கேளுங்கள், ஆபீஸில் நாற்காலி கேளுங்கள், ஆலையில் காலுக்குப் பொருந்தும் ஷூ கேளுங்கள். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால்தான் கடைக்காரர் ஆர்டர் போடுவார், முதலாளி ஏற்பாடு செய்வார், அரசும் தரம் வகுக்கும்.